வெள்ளை மாத்திரைக்கு ஆதரவாகவும் எதிராகவும்

என் தந்தை அந்த வெள்ளை மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா என்ற ஒரே கேள்வியோடு எங்கள் வீடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே அப்போது என் அலுவலகப் பணியாகவும் இருந்தது. அது தற்செயலாக வாய்த்ததன்று. நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

என் தந்தை கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறையைத் துளையிட்டவர். சுரங்கத்தை விட்டு மேலேறி, குடும்பத்தோடு பெங்களூரு ஸ்ரீராம்புரத்துக்கு வந்து குடியேறியபோது அவர் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த சொத்து நுரையீரலில் படிந்திருந்த கல்தூசி ஒன்றுதான். அந்தத் தூசி நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கி இறுக்கிவிடும். மருத்துவர்கள் அதைச் சிலிகோசிஸ் என்பார்கள். தூசியைக் கரைக்கும் மருந்து கிடையாது. தழும்பை இளக்கும் மருந்தும் கிடையாது. எங்கள் சந்தில் இருந்த மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வீக்கம் தணிந்தால் மூச்சு இலேசாகும் என்பது அவர் கணக்கு.

இலேசாகத்தான் ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் சில வாரங்களில் தெருமுனைத் தேநீர்க் கடைக்குத் தனியே போய்வந்தார். பசித்தது, கேட்டு வாங்கி உண்டார். ஒட்டிப்போன கன்னம் உப்பி, முகம் வட்டமாயிற்று. என் தாய் அந்த முகத்தைக் காணும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள். வருவோர் போவோரிடமெல்லாம், "மூஞ்சி தேறிடுச்சு பாரு" என்று காட்டினாள். முகம் அப்படி வீங்குவது மாத்திரையின் பக்கவிளைவு என்பதை நான் பின்னால்தான் படித்தேன். படித்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் கூற வேண்டும். நான் மேடையில் வளர்ந்தவள். காவிரிக் கலவரத்துக்குப் பின் எங்கள் பகுதித் தமிழ்க் கூட்டங்கள் தெருமுனையை விட்டு அடைத்த கதவுகளுக்குள் ஒதுங்கின. அப்படி ஒரு மாடிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், நான் பேசக் கற்றேன். தலைப்பைக் கூறுவார்கள், சீட்டு எடுக்க வேண்டும், வந்த பக்கம் நம் பக்கம். எதிரணியின் வலுவான வாதத்தை முதலில் நாமே எடுத்துச் சொல்லி மெலியச் செய்வது எப்படி, எண்களை எப்போது உதிர்ப்பது, எங்கே குரலைத் தாழ்த்தினால் கடைசி வரிசை முன்னால் சாயும் என்பவற்றையெல்லாம் அங்கே பயின்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று கூறுவது மேடை வழக்கம். நான் பெருமைக்காகவே சொல்கிறேன்: கல்லூரிக் காலத்தில் என்னை வென்றவர் எவருமில்லை. கடைசி வரிசையில் என் தந்தை அமர்ந்திருப்பார். சுரங்க வாயிலில் தொழிற்சங்கப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. வீடு திரும்பியதும், "இன்னா பேச்சாளரம்மா, கடைசில கொஞ்சம் தூக்கிட்டியே" என்று குறை சொல்வார். குறை கூறாவிட்டால் அன்று நன்றாகப் பேசவில்லை என்று பொருள்.

புள்ளியியல் பட்டத்தோடு, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவில், ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே ஆய்வுக்கூடமும் இல்லை, நோயாளிகளும் இல்லை. காகிதங்கள் மட்டுமே இருந்தன. ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று உலகில் எங்கெங்கோ யார் யாரோ செய்து பார்த்த சோதனைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் தேடிப் பிடிக்க வேண்டும். தரம் பார்த்துச் சலிக்க வேண்டும். தேறியவற்றைச் சேர்த்து எடைபோட்டு, மருத்துவர்கள் நம்பக்கூடிய ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். முறைசார் மீளாய்வு என்று எழுதலாம். நாங்கள் 'ரிவ்யூ' என்றோம். அதற்கென்று ஒரு கையேடு இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, மனிதர்கள் எங்கெங்கே தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார்கள் என்பதையே அது அதிகம் பேசியது.

கல்தூசி நோய்க்கு ஸ்டீராய்டு உதவுமா என்பது பிரிவின் அடுத்த மீளாய்வு என்று தெரிந்த அன்றே தலைவியின் அறைக்குப் போனேன். அவர் மங்களூர்ப் பக்கத்து மருத்துவர். எல்லாரிடமும் ஆங்கிலத்தில், தேவையான அளவுக்கு மட்டும் பேசுபவர். என் தந்தை அதே மாத்திரையை உட்கொள்கிறார் என்பதை மறைக்காமல் சொன்னேன். ஆய்வின் முடிவில் சொந்த அக்கறை உள்ளவர் அதை முதலிலேயே அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்துவிட்டு, அந்த அக்கறைதான் என்னை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் படிக்க வைக்கும் என்று வாதிட்டேன். அவர் சற்று யோசித்தார். நான் தனியே எதையும் முடிவு செய்யப்போவதில்லை, எப்படியும் இரண்டு பேர் படிக்கப்போகிறோம் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

வீட்டில் அன்று ஓர் உடன்பாடு ஆயிற்று. மாத்திரை நெடுநாள் போனால் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும், கல்தூசி படிந்த நெஞ்சுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்று வேறொரு மருத்துவர் எச்சரித்திருந்தார். விட்டால் மூச்சு முட்டுமோ என்ற அச்சம் மறுபக்கம். திடீரென நிறுத்திவிடவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். என் மீளாய்வு முடியும் வரை இப்போதைய அளவிலேயே மாத்திரை தொடரட்டும், பிறகு அதன்படி செய்வோம் என்று என் தந்தை முடிவுகட்டினார்.

"உலகத்துல கீற டாக்டருங்க சொன்னத எல்லாம் நீ கூட்டி வெச்சி பார்க்கப்போற. அதுக்கு மேல எவன் வந்து எனக்கு சொல்லப்போறான்?" என்றார்.

கையேட்டின் முதல் கட்டளை, கேள்வியை முன்பே எழுதி மூடிவிட வேண்டும் என்பது. எந்த நோயாளிகள், எந்த மருந்து, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவைக் கணக்கில் எடுப்பது என்பதையெல்லாம் ஒரு கட்டுரையைக்கூடத் திறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். பிறகு கண்ணில் படுவதற்கேற்பக் கேள்வியை வளைக்கக் கூடாது. எங்கள் ஏட்டில், மாத்திரை பெற்றவர்களும் பெறாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட சோதனைகளையே ஏற்பது என்று எழுதினோம். ஆனால் எங்கள் நோய் ஏழைகளின் நோய். அப்படிப்பட்ட சோதனைகள் அரிதாகவே இருக்கும் என்று அஞ்சி, ஒரு துணை விதியும் சேர்த்தோம்: ஒப்பீடு ஏதேனும் ஒரு வகையில் நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் பரிசீலிக்கலாம். அந்த வாசலை எழுதியவர் தலைவி. அது எவ்வளவு அகலம் என்பதை அளந்தவள் நான்.

தேடினோம். கணினியில் கிடைத்தவை குறைவு. நூலகங்களின் பழைய இதழ்களைப் புரட்டினோம்; ஆசிரியர்களுக்கு மடல் எழுதினோம்; அச்சில் வராமலே போன சோதனைகள் உண்டா என்று கேட்டோம். நல்ல முடிவு வந்த சோதனைகள் அச்சேறும், வராதவை மேசை இழுப்பறைக்குள் தூங்கும். ஆகவே அச்சானதை மட்டும் கூட்டினால் மருந்து எப்போதும் உள்ளதைவிட நல்லதாகவே தெரியும் என்று கையேடு எச்சரித்தது. பெரும்பாலான மடல்களுக்குப் பதில் வரவில்லை. சீன மொழிக் கட்டுரைகள் சில இருந்தன. வாசிக்க ஆள் தேடி, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். எங்கோ ஒரு சுரங்கத்தில் என் தந்தையைப் போன்ற ஒருவர் மூச்சை இழுத்துக் குழாயில் ஊதிய அளவு ஓர் எண்ணாகக் காகிதத்தில் கிடந்தது. அந்த எண்களை நான் பற்றோடு படித்தேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை.

படிப்பதற்கு ஒரு முறை இருந்தது. இருவர், தனித்தனி அறையில், ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல், ஒவ்வொரு கட்டுரையையும் படித்து ஏற்பதா விலக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமைகளில் இருவரும் அமர்ந்து ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் பேசித் தீர்க்க வேண்டும். தீராதது தலைவியிடம் போகும்.

மற்றவர் ஓர் இளம் மருத்துவர். மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூர் அரசுப் பணிக்கு வந்து மல்லேசுவரத்தில் நிலைத்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், தாளில் ஆங்கிலம். மென்மையானவர்; எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் தம் தேநீர்க் கோப்பையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பேசித் தீர்க்க வேண்டும் என்று அந்தக் கையேட்டில் எழுதியவர்கள் எங்கள் மாடிக் கூடத்தைக் கண்டதில்லை.

ஒரு கட்டுரை இப்போதும் வரி வரியாக நினைவிருக்கிறது. மாத்திரை பெற்ற தொழிலாளர்களில் பெரும்பாலோர் முன்னைவிட எளிதாக மூச்சுவிட்டதாகக் கூறியிருந்தார்கள். பெறாதவர் குழு என்று ஒன்று இல்லை; அதே ஆலையின் பழைய பதிவேட்டில் இருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். அவர் விலக்கியிருந்தார், நான் ஏற்றிருந்தேன். நான் முதலில் அவர் பக்கத்து வாதத்தை அவரைவிட அழகாக எடுத்துரைத்தேன். பிறகு கேட்டேன்: மூச்சுக்குத் தவிக்கிறவனிடம் போய், உனக்கு மருந்து இல்லை, நீ ஒப்பீட்டுக்காக இரு என்று எந்த மருத்துவர் சொல்லத் துணிவார்? சுரங்கத் தொழிலாளிக்கு ஒப்பீட்டுக் குழு எங்கே இருக்கிறது? இடுகாட்டில் இருக்கிறது. அவர்களையும் எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் மண்வெட்டியோடு போவோம்.

அவர் கோப்பையைப் பார்த்தார். "சரி, சேத்துக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை தோறும் இவ்வாறே நடந்தது. பாதியில் விலகிய நோயாளிகளின் கதி என்னவென்று கூறாத கட்டுரையை உள்ளே கொண்டுவந்தேன். மருந்தைக் கொடுத்தவரே மூச்சையும் அளந்த கட்டுரையை உள்ளே கொண்டுவந்தேன். மாத்திரைக்கு எதிரான முடிவு கூறிய ஒன்றை, அதன் நோயாளிகள் நம் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று வெளியே அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. ஒரு காரணமும் பொய்யன்று. மேடையில் பொய் சொல்பவள் நான் அல்லள். பொய் சொல்லி வெல்வது மட்டமான வெற்றி.

ஏற்றவை கூடிக்கொண்டே போயின. தற்காலிகமாக நான் வரைந்து பார்த்த படத்தில், ஒவ்வொரு சோதனையும் ஒரு சிறு கோடாக, நடுவிலிருந்த செங்குத்துக் கோட்டுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. பயன் தரும் பக்கம். அன்று வீட்டுக்குச் சென்று, முடிவாகவில்லை, ஆனாலும் நன்றாகவே தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். என் தாய் அதற்குள் முடிவு தெரிந்துவிட்டதுபோல் பாயசம் வைத்தாள். என் தந்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்.

தலைவிக்குச் சந்தேகம் எழுந்தது எதையும் படித்ததால் அன்று. தம்மிடம் எதுவும் வராததால். இத்தனை கட்டுரைகளில் இருவர் வேறுபடுவது இயல்பு, வேறுபட்டதில் சில தீராமல் நிற்பதும் இயல்பு; தம் மேசைக்கு ஒன்றுகூட வரவில்லையே, ஏன் என்று எங்கள் இருவரையும் அழைத்துக் கேட்டார். நாங்கள் தனித்தனியே முதலில் எடுத்த முடிவுகளையும் பேசிய பின் எடுத்த முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வேறுபட்ட இடங்களில் எல்லாம் இறுதி முடிவு என்னுடையதாகவே இருந்தது. ஒருமுறைகூட இளம் மருத்துவருடையதாக இல்லை.

தலைவி அவரிடம் காரணம் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் தொடங்கி, தடுமாறி, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நீங்க பேசறச்சே எல்லாம் சரின்னுதான் படறது. ஆத்துக்குப் போய் தனியா அதே பேப்பரைப் படிச்சா, படலை. திங்கக்கிழமை வந்து சொல்லலாம்னு நினைப்பேன். மறுபடி நீங்க பேசுவேள். எதுக்குன்னு சும்னே விட்டுடுவேன்."

தலைவிக்குத் தமிழ் போதுமான அளவு புரியும்.

செய்ததனைத்தையும் தள்ளிவைத்துச் சலிப்பைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யச் சொன்னார். எனக்குப் பதில் வேறொருவர் படிக்க வேண்டும், இருவரும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், சந்திக்கவே கூடாது, வேறுபடுவதெல்லாம் நேராகத் தம்மிடம் வர வேண்டும். நான் கணக்குப் போடும் வேலையோடு நிற்க வேண்டும்.

நான் எதிர்த்துப் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை என்றே இன்றும் கருதுகிறேன். விதிப்படிப் பேசித் தீர்த்ததை விதிமீறல் என்பது எந்த நியாயம்? தயங்குகிறவரின் தயக்கத்தை நடுநிலை என்றும், உறுதியாக இருப்பவரின் உறுதியைச் சார்பு என்றும் கொள்வது எந்த அறிவியல்? மீண்டும் தொடங்கினால் மாதங்கள் போகும். அந்த மாதங்களில் மூச்சுக்குத் தவிக்கும் மனிதர்களுக்கு யார் விடை சொல்வது? கடைசிக் கேள்வியில் என் குரல் தானாகவே தாழ்ந்தது. பயிற்சியால் அன்று. தலைவி இடைமறிக்காமல் முடிவுவரை கேட்டார். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இளம் மருத்துவரைப் பார்த்து, இப்போது உமக்கு என்ன தோன்றுகிறது என்றார்.

"அவங்க சொல்றது சரின்னு தோணறது," என்றார் அவர்.

தலைவி கோப்புகளை மூடிவைத்தார்.

மழைக்காலம் அப்படிக் கழிந்தது. புதிதாக வந்தவரும் இளம் மருத்துவரும் வேறு வேறு அறைகளில் படித்தார்கள். நான் கணினி முன்னால், எண்கள் வந்து சேர்வதற்காகக் காத்திருந்தேன். வாரந்தோறும் ஏற்றவற்றின் கற்றை மெலிந்தது. நான் உள்ளே கொண்டுவந்த ஒவ்வொன்றும், எழுத்தில் ஓரிரு வரிக் காரணத்தோடு, வெளியே போயிற்று. இடுகாட்டைக் காட்டி நான் வென்ற கட்டுரைக்கு எழுதப்பட்டிருந்தது இவ்வளவுதான்: ஒப்பீடு பழைய பதிவேட்டோடு, இரு குழுவும் ஒத்தவை என்பதற்கு உறுதியில்லை, விலக்குக. இருவரும் ஒருவரையொருவர் காணாமலே ஏறத்தாழ அதே சொற்களை எழுதியிருந்தார்கள்.

வீட்டில் என் தந்தைக்கு இருமல் கூடியிருந்தது. மழைக்கு எல்லாரும் இருமுகிறார்கள் என்றாள் தாய். தேநீர்க் கடைக்கு நடப்பது நின்றது. சந்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார், சில நாள் நடந்தார், மறுபடி நின்றார். நான் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி, "இன்னா பேச்சாளரம்மா, மாத்திரை கேஸு எப்ப தீரும்?" என்பார். வாய்தா வாங்கியிருக்கிறேன் என்பேன். "வக்கீலு நீயா, ஜட்ஜு நீயா?" என்று ஒருநாள் கேட்டார். இரண்டும் இல்லை, குமாஸ்தாவாக்கிவிட்டார்கள் என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது, இருமல் நெடுநேரம் முடியவில்லை.

முடிவு வந்தபோது கூட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. எங்கள் கேள்விக்கு விடை தரும் தகுதியுள்ள சோதனை ஒன்றுகூடத் தேறவில்லை. வெறுமையாக முடிவதும் ஒரு முடிவுதான். அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று கையேடு கூறுகிறது. தலைவி எழுதினார்: இந்த நோயில் இந்த மருந்து உதவும் என்பதற்கோ, தீங்கு செய்யும் என்பதற்கோ போதிய சான்று இல்லை. பயனுக்குச் சான்று இல்லை என்பதும், பயனில்லை என்பதற்குச் சான்று உண்டு என்பதும் ஒன்றல்ல. வாசகர் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பத்தியும் சேர்த்தார். அந்தப் பத்தியின் முதல் வரைவு என்னுடையது. மேடையில் அந்த வேறுபாட்டை நான் விளக்கினால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

வீட்டில் எனக்கு முன்னால் இருவர் மட்டும் இருந்தார்கள். என் தந்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தீர்ப்பைப் படுத்தபடி கேட்கக் கூடாது என்பதுபோல. என் தாய் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"தெரியல நைனா," என்றேன்.

"உனக்குத் தெரியலயா?"

"யாருக்கும் தெரியல. உலகத்துல யாரும் சரியா பாத்து வைக்கல."

ஏன் பார்த்து வைக்கவில்லை என்று அவர் கேட்டார். சரியாகப் பார்க்க வேண்டுமானால் ஒரே நோயுள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் ஒரு பாதிக்கு மாத்திரைபோல் இருக்கும் வெறும் மாவும் கொடுத்து, யார் எதை உட்கொள்கிறார் என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். அதைச் செய்யும் அளவுக்கு இந்த நோய்மேல் யாருக்கும் அக்கறை வரவில்லை என்றேன்.

"எத்தினி பேரு இருந்தோம் கீழ," என்றார். "இட்டுனு போயி குலுக்கியிருந்தா வந்திருப்பமே."

என் தாய் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டாள். "அதெல்லாம் கெடக்கட்டும். சாப்புடணுமா வேணாமா, அத்த சொல்லு. அதுக்குத்தானே இத்தினி நாளு காத்துனு இருந்தோம்."

ஒரு பக்கத்தை எடுத்து அவளை நம்பவைக்க எனக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்பட்டிருக்காது. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் நம்பியிருப்பாள். காசநோய் ஆபத்தைப் பற்றி மருத்துவர்கள் அஞ்சுவதைச் சொன்னேன். மூச்சு இலேசானதை நம் கண்ணாலேயே பார்த்ததையும் சொன்னேன். இரண்டில் எது எடை மிக்கது என்பதைச் சொல்ல என்னிடம் தராசு இல்லை என்றேன்.

"அப்ப, நான் துன்றது தப்புன்னு யாரும் சொல்ல முடியாதில்ல?" என்று தந்தை கேட்டார்.

"முடியாது."

"ரைட்டுன்னும் சொல்ல முடியாது."

"முடியாது நைனா."

அவர் தாயின் பக்கம் கையை நீட்டினார். "குடு."

அவள் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். விழுங்கிவிட்டு, வெறும் டம்ளரைக் கையில் வைத்தபடியே, என் பேச்சு இன்று தூக்கலாக இல்லை என்றார். பாராட்டா, குறையா என்று நான் கேட்கவில்லை.

பனிக்காலத் தொடக்கத்தில் சளியில் இரத்தம் கண்டது. முன்பு ஒருமுறை பரிசோதித்தபோது கிருமி இல்லை என்று வந்திருந்த சளியில் இம்முறை இருந்தது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, காசநோய் மருந்துகளைத் தொடங்கினார்கள். மருத்துவமனையின் நீண்ட கூடத்தில், சன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தார். இளம் மருத்துவர் ஒருமுறை பார்க்க வந்தார்; ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என் தந்தை அவரை யாரென்று கேட்டார். என்னோடு வேலை செய்தவர், என்னிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றவர் என்றேன்.

"பாவம்," என்றார் தந்தை, அவரைப் பார்த்து. "எனக்கும் அதே கதிதான் சார் வூட்டுல."

அவர் முகத்தின் வீக்கம் வடிந்துவிட்டது. உள்ளே இருந்த பழைய முகம், எலும்பும் தோலுமாக, வெளியே வந்தது. என் தாய் அதைப் பார்க்க மாட்டாமல் கால்மாட்டிலேயே அமர்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் இறந்தபோதும் அங்கேதான் அமர்ந்திருந்தாள். நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

நாங்கள் வழிபடும் பௌத்த விகாரையிலிருந்து வந்தவர்கள் வழிபாட்டை முடித்துச் சென்றார்கள். தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்த பழைய தோழர்கள், பாதிப்பேர் அவரைப் போலவே மூச்சு வாங்கியவர்கள், என்னை இரங்கல் பேசச் சொன்னார்கள். பேசினேன். பேச்சு நன்றாக இருந்தது என்று பிற்பாடு கூறினார்கள். அதில் ஒரு சொல்லும் எனக்கு நினைவில்லை.

எல்லாரும் போன பிறகு, அடுப்படியில் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி என் தாய் கேட்டாள்: "அந்த மாத்திரதான் அவர சாச்சிடுச்சா?"

இரண்டு ஆண்டு அவர் கையில் அதை எடுத்துக் கொடுத்தவள் அவள். ஒரு நாளும் மறந்ததில்லை. என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்லைக் கேட்க நிற்கிறாள் என்பதும் தெரியும். கல்தூசி படிந்த நெஞ்சுக்கு மாத்திரை இல்லாமலும் காசநோய் வருகிறது. மாத்திரை உட்கொண்டவர்களுக்கு வராமலும் இருக்கிறது. ஒருவர் உட்கொண்டார், அவர் இறந்தார். இந்த ஒன்றை வைத்து இரண்டையும் முடிச்சுப்போட முடியாது, அவிழ்க்கவும் முடியாது. 'இல்லம்மா' என்ற ஒரு சொல் போதும். அதை நான் எப்படிச் சொன்னால் அவள் சாகும்வரை நம்புவாளோ அப்படிச் சொல்லவும் என்னால் முடியும்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் திரும்பவில்லை. கவிழ்த்த டம்ளரை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

அதன் பிறகு என்னிடம் அவள் அதைக் கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். சந்து முனையில் கடை வைத்திருப்பவர், மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர். அதெல்லாம் இல்லை, அது சத்து மாத்திரை மாதிரி, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் கூறியிருக்கிறார். அவள் அதை அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படியேறி வந்துகொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே போய் எனக்குச் சோறு எடுத்து வைத்தாள். கடைக்காரர் சொன்னது தவறு என்று என்னால் நிறுவ முடியாது. சரி என்றும் முடியாது. உட்கார்ந்து உண்டேன்.